செண்பகவல்லியின் பின்னால் நடந்த சாமான்கள்

செண்பகவல்லி திருடுவதை நிறுத்திய மறுநாள் காலையிலிருந்துதான் கடைச் சாமான்கள் அவள் பின்னால் நடக்கத் தொடங்கின.

முதலில் வந்தது ஒரு ரோஸ் கலர் சீப்பு. அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். கோவில்பட்டிக் கடைவீதியில் அப்போதுதான் ஷட்டர்களைத் தூக்கி வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்கள். பொன்மயில் ஃபேன்சி ஸ்டோரின் படிக்கட்டிலிருந்து அந்தச் சீப்பு குதித்திறங்கி, பல்லெல்லாம் கால்களாக, மரவட்டை மாதிரி நெளிந்து நெளிந்து, தெளித்த தண்ணீரில் படாமல் சுற்றிக்கொண்டு வந்து அவள் செருப்புக்குப் பின்னால் நின்றது. அவள் நடந்தால் நடந்தது, நின்றால் நின்றது. டீக்கடை பெஞ்சில் இருந்த ஒருவர், "பாப்பா, உன் சீப்பு பின்னால வருது பாரு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினார்.

அவள் பதினோராம் வகுப்பு. ஊர் அம்மனின் பெயரையே அவளுக்கு வைத்திருந்தார்கள். அம்மா அன்னலட்சுமி தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். கேட்டதை வாங்கித் தருகிற வீடு, ஆனால் கேட்டு வாங்கியதில் அந்தக் கூச்சம் இல்லை. பங்குனித் திருவிழாவில் ராட்டினம் உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்று சட்டென்று இறங்கும்போது அடிவயிற்றிலிருந்து சிரிப்பும் பயமுமாகக் கிளம்பி வருமே, அந்தக் கூச்சம். பொன்மயிலில் ஒரு ஹேர்கிளிப்பைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது கிளிப் அவள் பைக்குள் இருந்தது. எப்படிப் போனதென்று அவளுக்கே புரியவில்லை, ஆனால் வாசலைத் தாண்டி வெயிலில் கால் வைத்ததும் ராட்டினம் இறங்கியது. அதற்கப்புறம் அவள் கரண்ட் போகக் காத்திருக்கவில்லை. நெயில் பாலிஷ், பொட்டு அட்டை, குடை ஜிமிக்கி, மை டப்பி, முத்து வைத்த ரிப்பன் என்று வாரம் தவறாமல் எடுத்தாள். ஒன்றையும் போட்டுக்கொள்ளவில்லை. கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டிக்குள் போட்டு, மேலே பழைய பாடப் புத்தகங்களை அடுக்கி மூடினாள்.

பொன்மயிலில் சாமான் எடுத்துக் கொடுக்க நின்றவள் முத்துப்பேச்சி. இலுப்பையூரணியிலிருந்து சைக்கிளில் வருவாள். வாங்க வந்தவர்களிடம், "இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காதுக்கா, அத வையிங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுப்பாள், அது எடுக்கும். சாமான் குறைவதைக் கண்ட முதலாளி தங்கத்துரை அண்ணாச்சி ஒரு சாயங்காலம் அவள் கைப்பையை வாங்கி, கடைவீதி பார்க்க, படிக்கட்டில் கவிழ்த்தார். சோற்று டப்பா விழுந்தது, சைக்கிள் சாவி விழுந்தது, மடித்த துப்பட்டா விழுந்தது, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட் விழுந்தது. கடைச் சாமான் ஒன்றும் விழவில்லை. "எங்க வச்சிருக்கியோ ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம், நாளையிலருந்து வராத" என்றார். முத்துப்பேச்சி பிஸ்கட்டைக்கூட விடாமல் எல்லாவற்றையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். எதிர்ப்பக்கம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த செண்பகவல்லியின் பைக்குள் ஒரு சென்ட் பாட்டில் இருந்தது. அன்றைக்கு ராட்டினம் இறங்கவில்லை. உச்சியிலேயே நின்றுவிட்டது. இனி எடுப்பதில்லை என்று அவள் முடிவெடுத்தாள், மறுநாள் சீப்பு வந்தது.

சீப்புக்குப் பின்னால் சோப்பு வந்தது, சோப்புக்குப் பின்னால் நூல்கண்டு உருண்டது, மளிகைக் கடையிலிருந்து அப்பளக் கட்டு காற்றாடி போலச் சுழன்று வந்தது, குடைக் கடையிலிருந்து ஒரு கறுப்புக் குடை விரிந்தும் சுருங்கியும் தவளையைப் போலத் தாவி வந்தது. பள்ளிக்கூட கேட்டில் வாட்ச்மேன் அவளை உள்ளே விட்டு, "நீங்கல்லாம் வெளிய இருங்க" என்று சாமான்களைத் தடுத்தார். அவை சுவரோரமாக நிழலில் வரிசையாக உட்கார்ந்து, பள்ளி விடும்வரை காத்திருந்தன. செண்பகவல்லி கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள், ஓடியும் பார்த்தாள். அவளோடு சேர்ந்து அவையும் ஓடியதில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்ததுதான் மிச்சம். கையால் எடுத்து, கடைக்காரர் கையிலேயே கொடுத்து, "இது உங்களோடது" என்று வாயால் சொன்னால்தான் ஒவ்வொன்றும் அடங்கியது. அதனால் தினமும் சாயங்காலம் அவள் ட்யூஷனுக்குப் போகாமல் கடை கடையாக ஏறி இறங்கினாள்.

இப்படிப்பட்ட விஷயத்துக்கு ஒரு ஊர் என்ன செய்யும்? நாலு நாள் பேசியது, ஐந்தாம் நாள் பழகிக்கொண்டது. புகார் என்று யாரோ சொல்லப்போக இன்ஸ்பெக்டர் அம்மா ஜீப்பில் வந்து இறங்கி, செண்பகவல்லி கடைவீதியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடப்பதை முழுக்கப் பார்த்தார். "புள்ள ரெண்டு கையையும் கட்டிக்கிட்டுத்தான் நடக்கா. நான் யாரைப் பிடிக்க, சோப்பையா?" என்று கேட்டுவிட்டு, பஸ் போகிற ரோடு என்பதால் சாமான்கள் எல்லாம் இடது ஓரமாக மட்டும் நடக்க வேண்டுமென்று உத்தரவு போட்டார். சாமான்களும் அப்படியே நடந்தன. இது அம்மனின் வேலை என்று சிலரும், அடுத்த தெரு சர்ச்சில் வேண்டிக்கொண்டதன் பலன் என்று சிலரும், செல்போன் டவரால் வருகிற கோளாறு என்று இன்னும் சிலரும் சொன்னார்கள். மூன்று கூட்டமும் சாயங்காலமானால் ஒரே இடத்தில் நின்று வேர்க்கடலை கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. அந்தக் கடலையும் அவ்வப்போது பொட்டலத்திலிருந்து எகிறி அவள் பின்னால் போயிற்று.

அது ஆடி மாதம், தள்ளுபடி நேரம். பாத்திரக்கடை பாக்கியநாதன் ஒரு நாள் அவள் வழியில் வந்து நின்று கும்பிட்டார். "தாயி, ஒரு நடை எங்கடைப் பக்கமா வந்துட்டுப் போயேன். கல்யாண இட்லிக் கொப்பரை ஒண்ணு என் கல்யாணத்துக்கு முந்தியிருந்து நகராமக் கெடக்கு." அவள் அந்தப் பக்கமாக நடந்ததும், மூலையில் கறுத்துக் கிடந்த கொப்பரை மூடி தடதடவென்று அடிக்க, குலுங்கிக் குலுங்கித் தெருவுக்கு வந்தது. ஜனம் கைதட்டியது. தானாக நடக்கிற கொப்பரையை யார்தான் விடுவார்கள், அங்கேயே அதற்குப் போட்டி வந்து, ஒரு சமையல்காரர் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து அவளை அழைக்காத கடை இல்லை. விலைபோகாத சட்டைகள் கையை வீசிக்கொண்டு நடந்தன, போன தீபாவளிக்கு விற்காத பட்டாசுப் பெட்டிகள் உருண்டன, ஜவுளிக்கடை பொம்மை ஒன்று கட்டிய புடவையோடு பாதி தூரம் வந்து வெட்கப்பட்டுத் திரும்பியது. நகைக்கடைகள் மட்டும் அவள் தலை தெரிந்ததும் ஷட்டரை இழுத்துவிட்டன. உள்ளேயிருந்து சலங்கை மாதிரி சத்தம் கேட்டது.

"வச்சுக்கோ தாயி, ஒன்னத் தேடித்தானே வந்துச்சு" என்றார்கள் கடைக்காரர்கள், அவள் திருப்பிக் கொடுக்க வரும்போது. ஒருமுறை அவள் வைத்துக்கொண்டாள், ஒரு கண்ணாடி வளையலை. ராட்டினம் இறங்கியது, அப்பப்பா, முன்பு எப்போதும் இல்லாத வேகத்தில் இறங்கியது. கை நீட்டவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை, பயமே இல்லாமல் முழுக்கச் சிரிப்பாகவே இறங்கியது, தலை சுற்றி அவள் மின்கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மறுநாள் பின்னால் வந்த கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. அவற்றின் சத்தத்தில் தன் நடையின் சத்தம் தனக்கே கேட்காதபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது. வளையலைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அந்தக் கடை வாசலில்தான் தங்கத்துரை அண்ணாச்சி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. "சாமான் நடக்கது ஆடியிலருந்துதானய்யா. வைகாசியில எந்தச் சீப்பு நடந்துச்சு? அது முத்துப்பேச்சி எடுத்ததுதான், அதுல சந்தேகமே வேண்டாம்."

ஆடி முடிவதற்குள் வியாபாரிகள் சங்கம் கல்யாண மண்டபத்தில் அவளுக்குப் பாராட்டு விழா வைத்தது. விழா அன்று காலையில், தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் அவள் தகரப் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். முதலிலிருந்து கடைசிவரை, சென்ட் பாட்டில்வரை சொன்னாள். அன்னலட்சுமியின் கை பாதிப் பின்னலில் நின்றது. குரலைத் தணித்துச் சொன்னாள்:

"அதுவும் நடந்து வந்ததாவே இருக்கட்டுமே. யாருட்டி கேக்கப் போறா?"

"முத்துப்பேச்சிக்கா கேப்பா."

"அவதான் வேற வேலைக்குப் போயிட்டாளே."

"படியில கொட்டுனத அவ பொறுக்குனாம்மா. பிஸ்கட்டக்கூட விடல. நான் பாத்துக்கிட்டே நின்னேன்."

அன்னலட்சுமி பின்னலை முடித்தாள். இறுக்கி முடித்தாள், செண்பகவல்லிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு குனிந்து, கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்து இழுத்து, "அந்தப் பக்கத்தப் பிடி" என்றாள். என்ன கனம் கனத்தது அந்தப் பெட்டி! ஆஸ்பத்திரியில் ஆட்களைத் தூக்கிப் பழகிய அன்னலட்சுமிக்கே மூச்சு வாங்கியது. ஆட்டோவில் ஏற்றினார்கள், ஆட்டோ ஒரு பக்கமாகச் சாய்ந்து போனது, பின்னால் ஒரு தெரு நிறைய சாமான்கள் துள்ளிக்கொண்டு வந்தன.

மண்டபம் நிரம்பியிருந்தது. பொன்னாடையைப் போர்த்த வேண்டியிருக்கவில்லை, அதுவே பறந்து வந்து அவள் தோளில் உட்கார்ந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. தங்கத்துரை அண்ணாச்சி பேசிக்கொண்டிருந்த மைக் அவர் கையிலிருந்து நழுவி, வயரை இழுத்துக்கொண்டு அவளிடம் வந்து நின்றது. அவள் பேச ஆசைப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் அமைதியானார்கள். அவள் பெட்டியைத் திறந்தாள். முன்வரிசை எட்டிப் பார்த்தது.

"அட, நம்ம கடைச் சாமான்!" என்றார் அண்ணாச்சி. "இதெல்லாம் அப்பவே ஒன் பின்னால வந்துடுச்சா? அதனால என்ன பாப்பா, நடந்து வந்ததுதானே."

கூட்டம் சிரித்தது. அது அன்பான சிரிப்பு. அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் தலையை ஆட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். பெண்கள் வரிசையில் அம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இல்ல அண்ணாச்சி. இது நடக்காது. பாருங்க."

அவள் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தாள். மைக் வந்தது, பூச்செண்டுகள் வந்தன, தண்ணீர் பாட்டில்கள் வந்தன, தலைவர் உட்கார்ந்திருந்த நாற்காலி அவரோடு சேர்ந்து கொஞ்சம் வந்தது. பெட்டிக்குள் இருந்தவை கிடந்த இடத்திலேயே கிடந்தன. பொட்டு அட்டை அசையவில்லை. ஜிமிக்கி ஆடவில்லை. அவள் திரும்பவும் நடந்தாள். அப்போதும் அசையவில்லை.

"நான் எடுத்தது. இந்தக் கையால எடுத்தது. முத்துப்பேச்சிக்கா ஒண்ணையும் எடுக்கல."

சீப்பு நடந்ததற்கு ஆச்சரியப்படாத ஊர், கொப்பரை குலுங்கியதற்குக் கைதட்டிய ஊர், இதற்கு ஆச்சரியப்பட்டது. வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. "நம்பவே முடியலையே" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அண்ணாச்சி மைக்கைத் தேடினார், அது அவளிடமே இருந்தது. கடைசியில் மைக் இல்லாமல், "அந்தப் புள்ள பையக் கவுத்தேனே" என்று சொன்னார். தனக்குத்தானே சொன்னாலும் பின்வரிசைவரை கேட்டது.

முத்துப்பேச்சி அப்போது ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனியில் மிட்டாய் வெட்டிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி அங்கே போய் நின்றபோது அவள் கை முழங்கைவரை வெல்லப்பாகு. கத்தியைக் கீழே வைக்காமல் எல்லாவற்றையும் கேட்டாள். முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது.

"ஜிமிக்கி வாங்க வந்தப்ப ஒனக்கு எது எடுக்கும்னு அரை மணி நேரம் பாத்துச் சொன்னேன்ல நான்?"

"ஆமாக்கா."

"அதையும் எடுத்தியா?"

"அதத்தான் எடுத்தேன்."

முத்துப்பேச்சி கையைக் கழுவினாள். நிதானமாக, விரல் விரலாகக் கழுவினாள். "சரி, நட."

"எங்கக்கா?"

"எங்க ஊருக்கு. ஒங்க மண்டபத்து மைக்கு இலுப்பையூரணி வரைக்கும் கேக்கல. அங்க வந்து சொல்லு."

இப்படியாக அந்த ஊர்வலம் கிளம்பியது. முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முத்துப்பேச்சி, அவளுக்குப் பின்னால் செண்பகவல்லி, அவளுக்குப் பின்னால் இடது ஓரமாகவே ஒழுங்காகத் துடைப்பங்களும் பலூன்களும் பிஸ்கட் பாக்கெட்டுகளும் கடலைமிட்டாய்களும் தாவுகிற குடையும், அவற்றுக்குப் பின்னால் விசிலடித்துக்கொண்டு ஊர்ப் பிள்ளைகள். குழாயடியில் முத்துப்பேச்சி நின்றாள். "சொல்லு." செண்பகவல்லி சொன்னாள். "சத்தமா." சத்தமாகச் சொன்னாள். குடம் நிரம்பி வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் சொன்னாள். முத்துப்பேச்சியைப் பெண் கேட்டுவிட்டு அந்தப் பேச்சு வந்ததும் பின்வாங்கிய வீட்டு வாசலில் இன்னும் சத்தமாகச் சொன்னாள்; உள்ளேயிருந்து ஓர் அம்மாள் வந்து, "அப்படின்னா நாங்க மறுபடி..." என்று இழுக்க, "வேண்டாம்" என்று முத்துப்பேச்சி சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு நகர்ந்தாள். நாலாவது இடத்தில் செண்பகவல்லி 'எடுத்துட்டேன்' என்று சொன்னபோது, "எடுத்துட்டேன் இல்ல, திருடிட்டேன்" என்று திருத்தினாள். ஐந்தாவது இடத்தில் செண்பகவல்லியே திருத்திச் சொன்னாள். அதற்கப்புறம் அவளுக்குத் தொண்டை கட்டி, குரல் கீச்சென்று சேவல் குஞ்சு மாதிரி வந்தது. அதைக் கேட்டு முத்துப்பேச்சிக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது, தான் சிரிக்கிறோமே என்று கோபம் வந்து இன்னும் சிரித்தாள், செண்பகவல்லி அழுதுகொண்டே சிரித்தாள், பலூன்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் துள்ளின.

கடைசியாக முத்துப்பேச்சியின் வீடு. அவள் அம்மா கதை முழுவதையும் நின்றபடியே கேட்டாள். உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து செண்பகவல்லியிடம் நீட்டினாள்.

"குடிச்சிட்டு இன்னொரு தடவ சொல்லு தாயி. மக மேல நானே சந்தேகப்பட்டுட்டேன். நல்லாக் கேட்டுக்கிடுதேன்."

தங்கத்துரை அண்ணாச்சி இலுப்பையூரணிக்கே வந்து முத்துப்பேச்சியைத் திரும்பக் கூப்பிட்டார். கல்லாவில் தான்தான் உட்காருவேன், இனி யார் பையையும் யாரும் கவிழ்க்கக் கூடாது என்று அவள் சொன்னாள், அவர் சரி என்றார். செண்பகவல்லியைத்தான் எந்தக் கடையும் கூப்பிடவில்லை. பாராட்டிய கடைகளே அவளைக் கண்டதும் கண்ணாடிக் கதவைச் சாத்தின. சாமான்கள் இன்னும் வந்தன, ஆனால் நாளுக்கு நாள் குறைவாக, தயங்கித் தயங்கி வந்தன. அவள் ஒவ்வொன்றையும் எடுத்து, சாத்திய கதவைத் தட்டி, "இது உங்களோடது" என்று கொடுத்துவிட்டு வந்தாள். சிலர் வாங்கும்போது முகத்தைப் பார்த்தார்கள், சிலர் பார்க்கவில்லை.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், பொன்மயில் வாசலைக் கடந்தவளை முத்துப்பேச்சி கூப்பிட்டாள்.

"உள்ள வா."

"வேண்டாம்க்கா."

"வான்னேன்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார், கடையில் வேறு யாருமில்லை. முத்துப்பேச்சி கல்லாவைப் பூட்டவும் இல்லை. "இங்க உக்காரு. நான் போய்ப் பருத்திப்பால் வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டாள்.

கடை அசையத் தொடங்கியது. வளையல்கள் கம்பியில் நடுங்கின, தோடுகள் அட்டையில் ஊசலாடின, மை டப்பிகள் தட்டின் விளிம்புவரை உருண்டு வந்து எட்டிப் பார்த்தன. செண்பகவல்லியின் அடிவயிற்றில் ராட்டினம் மெல்ல ஏறி உச்சியில் நின்றது. அவள் வலது கை மேஜையிலிருந்து எழுந்து, பக்கத்தில் இருந்த ஒரு நீலக்கல் மோதிரத்தை நோக்கிக் கொஞ்ச தூரம் போனது. அவள் அந்தக் கையை, பஸ்ஸில் தெரிந்த முகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இருங்க" என்றாள். "எல்லாரும் இருந்த இடத்துல இருங்க."

சாமான்களிடம் சொன்னாளா, கையிடம் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கை வந்து மேஜையில் படுத்தது. டப்பிகள் விளிம்பிலிருந்து பின்வாங்கின. வளையல்கள் ஒவ்வொன்றாக அடங்கி, கடைசி வளையலும் அடங்கியபோது, ஒரு பெண் தன் சின்ன மகளோடு படியேறி வந்து பச்சை ரிப்பன் கேட்டாள். செண்பகவல்லி எழுந்து, சிறுமியின் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பச்சை எடுக்காதுக்கா, மஞ்சள் பாக்குறீங்களா?" என்றாள். சிறுமி மஞ்சளைக் கட்டிக்கொண்டு குதித்துக்கொண்டே போனாள், ரிப்பனும் அவளோடேயே போனது.

முத்துப்பேச்சி ஆவி பறக்கும் இரண்டு டம்ளர்களோடு வந்தாள். அலமாரிகளை அவள் பார்க்கவில்லை. கல்லாவைப் பார்க்கவில்லை. ஒரு டம்ளரைச் செண்பகவல்லியின் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தாள்.

"குடிச்சிட்டு அந்த மேல் தட்டத் துடைச்சிரு" என்றாள். "ஒரே தூசி."